நிமிடத்துக்கு நூற்றிருபது சொல்

சோழவரம்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய பெரியப்பா தணிகைவேல் அவர்களுக்கு, தம்பி மகள் ஜோதிலட்சுமி வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், கறவை மாடு இரண்டு, அனைவரும் நலம். தங்கள் நலமும், குறிப்பாகத் தங்கள் தொண்டையின் நலமும் அறிய ஆவல்.

நிற்க. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் தாங்கள் சொல்லி வைத்திருக்கும் பேக்கிங் வேலை எனக்கு வேண்டாம். வேலையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நான் கேட்பது கோர்ட்டில் நீதிபதி பேசப் பேச எழுதும் நாற்காலி. அதற்குச் சுருக்கெழுத்தில் சீனியர் பாஸாக வேண்டும், நிமிடத்துக்கு நூற்றிருபது சொல். இரண்டு முறை கோட்டை விட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை மூன்றாவது முறை. இதிலும் தோற்றால் பேக்கிங்தான் என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

போன ஞாயிறு அம்மா வைத்த கறிக்குழம்பைச் சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காயுமுன் நீங்கள் பேசியதை நான் மறக்கவில்லை. மறக்கவும் முடியாது, மூலையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிவிட்டேன். "இன்னா எய்த்து இது, கோழி கிளறனா மாரி கீது. நாலு வர்சமா கிறுக்கிக்கினு கீறா, இவ எங்க கோர்ட்டுக்குப் போவப் போறா. எனக்கு அப்பவே தெரியும்." அந்தக் கடைசி வரியை அரை மணி நேரத்தில் பதினேழு தடவை சொன்னீர்கள். கை வலி பொறுக்காமல் அதற்கென்று ஒரே சுழியில் ஒரு குறி உண்டாக்கிக்கொண்டேன், அடிக்கடி வரும் தொடருக்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம். அந்தச் சுழிதான் என் குடியைக் கெடுத்தது. மறுநாள் புதுவாயல் இன்ஸ்டிட்யூட்டில் மாதிரித் தேர்வு, தேசப்பன் மாஸ்டர் ஒரு தீர்ப்பை வாசிக்கிறார், 'மனுதாரரின் வாதம் ஏற்கத்தக்கதல்ல' என்று வந்த இடத்திலெல்லாம், அதற்குள்ள குறியும் ஏறக்குறைய அதே வடிவம், கை தானாக உங்கள் சுழியைப் போட்டுவிட்டது. டைப் செய்து கொடுத்த தாளில் நீதிமன்றம் மூன்று இடத்தில் 'எனக்கு அப்பவே தெரியும்' என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார், அதுவும் சத்தமாக. வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. அன்றே அந்தச் சுழியை ஒழித்தேன்.

ஆகையால் தேர்வு முடியும்வரை எங்கள் வீட்டுப் பக்கம் வரவேண்டாம், போனும் செய்யவேண்டாம். தங்களை எதிர்த்துப் பேச அப்பாவுக்கு நா எழாது, எனக்கு எழும். தோற்றால் நாலாவது முறையும் எழுதுவேன், சத்தியம் செய்தது அப்பாதான், நான் அல்ல.

பெரியம்மாவுக்கு என் அன்பு. திருவாலங்காட்டு ஈசன் தங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் குறைந்த கோபமும் அருளட்டும்.

இப்படிக்கு,
கோழிக் கிறுக்கல்காரி
து. ஜோதிலட்சுமி

பி.கு.: உறையை ஒட்டுமுன் மாஸ்டர் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் குறித்திருந்தேன், சொற்களை எண்ணினார். நீங்கள் பேசியது நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு. நான் ஒரு சொல்கூட விடவில்லை. பயிற்சிக்கு வாசிக்கும் மாஸ்டருக்கோ நூற்றைத் தாண்டினால் மூச்சு வாங்குகிறது. எனவே இந்த ஞாயிறு தாங்கள் கட்டாயம் வரவும். கறிக்குழம்பு உண்டு. பேக்கிங் வேலைப் பேச்சையே எடுக்கவும். ஈசனிடம் கேட்டதை வாபஸ் வாங்கிவிட்டேன், வழியில் கோபத்தை ஆற்றிக்கொண்டு மட்டும் வந்துவிடாதீர்கள்.