காந்தம் வைத்த செருப்புக் கடை

கடைத்தெருவே காந்தக்காரர் வீட்டு வாசலில் நின்றது. பட்டன் கடைக்காரர், பாத்திரக் கடைக்காரர், செருப்புக் கடைக்காரர், எல்லோரும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். வாடிக்கையாளரை இழுக்க முதல் வேலை கடையைப் பூட்டுவதுதானே!

தெருவில் போகிறவர்களின் ஆசை காந்தக்காரர் கண்ணுக்குப் புகைபோலத் தெரியுமாம். அவர் தரும் காந்தத்தை வாசற்படிக்கு அடியில் வைத்தால் அந்த ஆசை நேரே கடைக்குள் வந்துவிடுமாம். இரும்பையே இழுப்பது மனுஷன் மனசை இழுக்காதா என்று கேட்பார். அடடா, என்ன அறிவு!

செருப்புக் கடைக்காரர் மயங்கிப்போனார். ஈ ஓட்டியே கை அலுத்த மனிதர், பாவம். ஒரு நாள் வைத்துப் பார்க்க இலவசம் என்றதும் காந்தத்தை வாங்கி வந்துவிட்டார். பலித்தால் கொடுக்கக் கையில் பணம் ஏது? மனைவியின் தையல் மெஷினைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"என் மெஷினையா?" மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வீட்டுல அடுப்பு எரியறதே அதாலதான். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கூட்டம் வரட்டும், புதுசா வாங்கித் தரேன்."

மறுநாள் கடை திறந்ததும், அம்மாடியோ! ஒரு பட்டாளமே உள்ளே புகுந்து செருப்புகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. அதைப் பார்த்துத் தெருவில் போனவர்களும் நுழைந்தார்கள். சிலர் வாங்கவும் செய்தார்கள். கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் மெஷினை ஏற்றிப் போக வண்டியோடு வந்து இறங்கினார் காந்தக்காரர். பின்னாலேயே பாதிக் கடைத்தெரு.

"பாத்தீங்களா, காந்தத்தோட வேலையை?"

"பாத்தேங்க," என்றாள் மனைவி. "ஆனா அது எங்க கடையிலயே இல்லியே. நேத்தே எடுத்து எதிர்க்கடை குடை ரிப்பேர்காரர்கிட்ட கொடுத்துட்டேன். அண்ணே, உங்க கடைக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

"நீ ஒருத்திதாம்மா," என்றார் அவர், காந்தத்தைத் தூக்கிக் காட்டி.

"அதோட சக்தி தெருவைத் தாண்டியும் பாயும்!" என்று சமாளித்தார் காந்தக்காரர்.

"சரிங்க. காலையில வந்த பட்டாளத்துல ஒருத்தர்கூடச் செருப்பைக் கால்ல போட்டுப் பாக்கலியே, ஏன்? ஒரு மீசைக்காரர் குழந்தைச் செருப்பை எடுத்து, 'எனக்கு எடுப்பா இருக்குமா'ன்னு கேட்டாரு. அதோ, உங்க வண்டியை ஓட்டிட்டு வந்திருக்காரே, அவர்தான்!"

பட்டன் கடைக்காரர் எட்டி மீசைக்காரரின் சட்டையைப் பிடித்தார்.

"விடுங்கய்யா! காந்தக்காரர் நாளைக்கு உங்க கடைக்குத்தான் எங்களைப் போகச் சொல்லியிருக்காரு," என்று உளறிக் கொட்டினார் மீசைக்காரர்.

செருப்புக் கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. ஓடிப்போய், கடை மூலையில் இருந்த மெஷினின் முன்னால் நின்றுகொண்டார். "தொட்டே, நடக்கறதே வேற!" என்று காந்தக்காரரிடம் கத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். "புத்தியில்லாமப் போச்சு எனக்கு."

"அப்போ நிஜ ஆளுங்களும் வந்தாங்களே, அது எப்படி?" என்று கேட்டார் பாத்திரக் கடைக்காரர்.

"கூட்டம் நின்னுது, வந்தாங்க. இவர் வீட்டு வாசல்ல நீங்க போய் நின்னீங்களே, அது எப்படி?" என்று திருப்பிக் கேட்டாள் மனைவி.

பாத்திரக் கடைக்காரர் நைசாகக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தார்.

புதுச் செருப்பு கடித்தால் உடனே கழற்றி எறியத் தெரிகிறது உங்களுக்கு. கூட்டத்தைக் கண்டால் மட்டும் மூளையை ஏனய்யா கழற்றி வைக்கிறீர்கள்?