ஒன்றைக் கூட்டவும்

"ஹெத்ரா, உன் மிஃப்தாஹ் இன்னைக்குக் கோயில்ல என்ன பண்ணிச்சுன்னு தெரியுமா?"

கொஷரிச் சோற்றில் காரம் ஊற்றிக்கொண்டிருந்த ஹெத்ராவின் கை அப்படியே நின்றது. போனில் பேசியது கெய்ரோவின் ஷுப்ராவிலிருந்து அபூனா பாம்போ. பாதிரியார் வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டால் அது நலம் விசாரிக்க இருக்காது.

"என்ன அபூனா ஆச்சு?"

"கசாப்புக் கடை அயாத் திருவிழாவுக்கு முழு மாடு குடுத்திருக்கான். அவனை முன் வரிசையில உக்கார வச்சு ஐம்பதாம் சங்கீதம் ஆரம்பிச்சோம். திரையில வேற சங்கீதம்! உன் மாடும் வேண்டாம், ஆடும் வேண்டாம்னு கடவுளே சொல்ற சங்கீதம். சனம் முழுக்க சத்தமாப் படிச்சிருச்சு."

"அயாத் என்ன சொன்னாரு?"

"மாட்டைத் திருப்பிக் கேக்குறான்."

மிஃப்தாஹ் என்பது வேதாகமம் படிக்க உதவும் மென்பொருள். இலவசம். அதன் உள்வேலையை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் ஒன்பது வருடமாகத் திருத்துகிறவன் ஹெத்ரா ஒருத்தன்தான். பகலில் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. மிச்ச நேரமெல்லாம் மிஃப்தாஹ். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதைப் பற்றியே பேசி, பெண் கொட்டாவி விட்டதோடு திரும்பி வந்தவன்.

மிஃப்தாஹில் பிறவியிலேயே ஒரு கோணல் இருந்தது. பெரும்பாலான சங்கீதங்களுக்குக் கோயில் சொல்லும் எண் ஒன்று, மிஃப்தாஹ் வைத்திருக்கும் எண் அதைவிட ஒன்று அதிகம். கோயிலில் ஐம்பது என்றால் இதில் ஐம்பத்தொன்று. அதனால் எல்லாரும் மனசுக்குள் ஒன்றைக் கூட்டித் தட்டப் பழகிவிட்டார்கள். போன வாரம் வந்த ஐந்தாம் பதிப்பில் ஹெத்ரா அதை நேராக்கினான். "இனி ஒன்றைக் கூட்ட வேண்டாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் பெருமையாக அறிவித்தான். மின்யா, அஸ்யூத் ஊர்க் கோயில்களிலிருந்து வாழ்த்து வந்து குவிந்தது. அவன் ஞானஸ்நானம் வாங்கிய ஷுப்ரா கோயிலிலிருந்து மட்டும் இப்படி ஒரு போன்.

திரையை இயக்குகிறவர் சுர்யால் மாமா. ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஹெத்ரா அவரைக் கூப்பிட்டான்.

"மாமா, ஐம்பதுக்கு ஐம்பதுன்னே தட்டுனீங்களா? பழக்கத்துல ஒண்ணு கூட்டிட்டீங்களா?"

"நீ எழுதினதை ஒரு எழுத்து விடாம செஞ்சேன் கண்ணு. முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல மேலிடத்து உத்தரவை நான் மீறினதே இல்ல."

ஹெத்ரா நம்பவில்லை. ஒன்பது வருடப் பழக்கம், கை தானாகக் கூட்டியிருக்கும் என்று முடிவு கட்டினான். கூட்டியதால் வந்த தவறா, கூட்டாததால் வந்த தவறா என்று நிதானமாகப் பார்த்திருக்கலாம். சொந்தக் கோயிலில் மானம் போனவனுக்கு நிதானம் எங்கே வரும்? புதுப் பதிப்பு வந்தாலும் பழகின கை தட்டுவதும் அதில் வேலை செய்ய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவனே அதை மறந்தான்.

எண்ணே வேண்டாம் என்று தீர்மானித்தான். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அடுத்த பதிப்பை வெளியிட்டான். "சங்கீதத்தின் முதல் வார்த்தையைத் தட்டினால் போதும்."

ஞாயிற்றுக்கிழமை அபூனா கூப்பிட்டார்.

"தம்பி, ஆதியாகமம் வந்துச்சு."

"ஆதியாகமமா?"

"முதல் அதிகாரம். சுர்யால் என்ன தட்டினாலும் உலகம் மறுபடி மறுபடி உண்டாச்சு. பாடகர் குழு வேற வழியில்லாம அதையே ராகம் போட்டுப் பாடிட்டாங்க. நாலாம் நாள் வரைக்கும் போயிட்டோம்."

பழைய மிஃப்தாஹுக்குத்தான் அந்தக் குணம் உண்டு. எண் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் விழித்துவிட்டு முதல் பக்கத்துக்குப் போய்விடும். அந்தக் குணம் எங்கிருந்து திரும்பி வந்தது என்று ஹெத்ரா மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டான். கிடைக்கவில்லை. அதற்குள் மின்யாக்காரர்கள், "முதல் வார்த்தை வசதி அருமை, கையைக் கொடு!" என்று எழுதினார்கள். அவனுக்கு அழுகை வந்தது.

வியாழக்கிழமை இன்னொரு பதிப்பு. அதுவரை எழுத்தைப் பெரிதாக்கிய விசைக்குப் புது வேலை கொடுத்தான். "எஃப் ஒன்பது விசையை ஒருமுறை அழுத்தினால் கோயில் எண், இன்னொருமுறை அழுத்தினால் பழைய எண்."

வெள்ளிக்கிழமை அபூனாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சுர்யால் எஃப் ஒன்பதை அழுத்தினான். எழுத்து பெருசாச்சு. மறுபடி அழுத்தினான். இன்னும் பெருசாச்சு. கடைசியில ஒரே ஒரு எழுத்து, சுவர் முழுக்க. அயாத் அதைப் பார்த்து, 'இதுவும் என்னைத்தான் சொல்லுதா?'ன்னு கேட்டான்."

"அபூனா, நான்..."

"நீ பேசாதே. வர்ற ஞாயிறு சய்யித்னா வர்றார். பேராயர் முன்னாடி இப்படி ஏதாவது ஆச்சுன்னா திரையும் மிஃப்தாஹும் பழைய நாற்காலியோட கிடங்குக்குப் போயிரும். எனக்கும் வருத்தம்தான். சின்ன வயசுல உனக்கு வேதப் பாடம் எடுத்தவன் நான்."

ஒன்பது வருட உழைப்பு. ஊரெல்லாம் ஓடி, சொந்த வீட்டில் கிடங்குக்குப் போவதா?

சனிக்கிழமை ரயில் ஏறினான். கெய்ரோ வந்து சேர்வதற்குள் எல்லாத் திருத்தத்தையும் பிடுங்கி எறிந்தான். கோணல் உட்பட எல்லாம் பழையபடி. ரயிலிலிருந்தே வெளியிட்டான். "மன்னிக்கவும். முன்பு போலவே ஒன்றைக் கூட்டவும்."

ஞாயிறு காலை தூண் பக்கம் நின்றுகொண்டான். சய்யித்னா ஐம்பதாம் சங்கீதம் என்றார். சுர்யால் மாமா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, விரலால் காற்றில் ஒன்றைக் கூட்டி, தட்டினார்.

வந்தது! கேட்ட சங்கீதமே, அழகாக, முழுசாக. பிள்ளைகளிலிருந்து பெரியவர்கள் வரை கோயிலே சேர்ந்து சொன்னது. ஹெத்ராவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான். இவ்வளவு சந்தோஷமாக அவன் அதைச் சொன்னதே இல்லை.

பூசை முடிந்ததும் சய்யித்னா அவன் தலையில் கை வைத்தார். "நல்ல வேலை மகனே."

அபூனா கட்டிப்பிடித்தார். அயாத் மாட்டை மறந்து, "அடுத்த திருவிழாவுக்கு ரெண்டா வச்சுக்கோங்க" என்றான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அஸ்யூத்: "எங்க சங்கீதம் ஒண்ணு தள்ளி வந்துருச்சு, என்னய்யா பண்ணே?" மின்யா: "முதல் வார்த்தை வசதி எங்கே?" ஹெத்ரா போனை அணைத்தான். அவர்களை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு ஷுப்ரா பிழைத்தது.

ஆசையாகப் போய், திரையை ஓட்டும் பழைய கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்தான். குனிந்தவன் அப்படியே நின்றான். பின்பக்கத்தில் ஒரு துளை காலியாக இருந்தது, அதில் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"மாமா, இங்கே நான் மாட்டின நீலக் கம்பி எங்கே? புதுப் பதிப்பெல்லாம் அது வழியாத்தானே இதுல இறங்கும்?"

"எனக்கென்ன தெரியும் கண்ணு? நீ குழுவுல எழுதுறதைப் படிப்பேன், அது மாதிரியே தட்டுவேன்."

ஈர அங்கிகளைக் கூடையில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறிய உம்மு வஹ்பா, கோயிலைப் பெருக்கித் துடைக்கிறவர், நின்று திரும்பினார்.

"அந்த நீலக் கயிறா தம்பி? ரெண்டு வருஷமா மொட்டை மாடியில கொடி கட்டியிருக்கேன், எத்தனை துணி போட்டாலும் அறுந்ததே இல்ல!"