பிபண்ணாச்சி எங்கே நிற்கிறார்?

பங்குச்சந்தை விலைப்படத்தில் கோடு போடக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் அவர்களே, நீங்கள் எங்களுக்கு விற்றது பொய். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. தூத்துக்குடியில் ஏசி ஹால் பிடித்து, காபியும் சமோசாவும் கொடுத்து, பொய்யை விற்றீர்கள். அந்த ஹாலில் இருந்தவற்றில் சமோசா மட்டும்தான் உண்மை. (அதுவும் ஆறிப்போயிருந்தது.)

நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் சரக்குகளுக்குப் பேப்பர் தயார் செய்கிறவன். ஊர் நாசரேத். வாத்தியார் வீட்டுப் பிள்ளை. ஒருவர் ஸ்கேலும் கையுமாக நின்று பேசினால் வாயை மூடிக்கொண்டு நம்பும் வம்சம். அதனால்தான் உங்கள் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

"விலை என்று ஒன்று இருந்தால் அது கோட்டுக்குக் கட்டுப்படும். தங்கமோ, கச்சா எண்ணெயோ, வெங்காயமோ, எதுவானாலும் சரி" என்றீர்கள். ஒரு பள்ளத்தையும் ஒரு உச்சியையும் எடுத்து ஃபிபனாச்சி என்கிற கருவியை இழுத்துக் காட்டினீர்கள். விலை ஏறின ஏற்றத்தில் எத்தனை சதவீதம் இறங்கிவிட்டு மறுபடி எழும்பும் என்று அதுவே சொல்லுமாம். "பாருங்கள், அறுபத்தொன்று புள்ளி எட்டில் ஃபிபனாச்சி நிற்கிறது. அதற்குக் கீழே விழ விடாது." ஹாலே கைதட்டியது. நான் எழுந்து நின்று தட்டினேன்.

அதன்பிறகு எனக்குப் பிடித்த பைத்தியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கண்ணில் பட்ட எண்ணுக்கெல்லாம் கோடு போட்டேன். மாமியாரின் சர்க்கரை அளவுக்குக்கூடப் படம் வரைந்து, "இதுக்கு மேல ஏறாது அத்தே, லட்டு சாப்பிடுங்க" என்றேன். ஏறியது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

என் மனைவி ரோஸி மணப்பாட்டுக்காரி. அவளுடைய அண்ணன் சேவியர் மச்சானுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருக்கிறது. கரையில் சீலா மீன் என்ன விலைக்கு ஏலம் போனது என்று தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். (விலை ஏறினால் பெருமைக்கு, இறங்கினால் புலம்பலுக்கு.) அதையெல்லாம் சேர்த்துப் படமாக்கி, ஃபிபனாச்சியை இழுத்து, மீன் என்று சொல்லாமல் உங்கள் குரூப்பில் போட்டேன். நீங்கள் என்ன எழுதினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "அருமையான சப்போர்ட், விலையைத் தாங்கிக்கொள்ளும். பயப்படாமல் பிடித்து வையுங்கள்." பக்கத்தில் இரண்டு ராக்கெட்.

நாங்கள் பிடித்து வைத்தது மீனை, மாஸ்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானின் மகள் ஜெனிக்குப் புதுநன்மை. முதல்முதலாக நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைக்கு வெள்ளை கவுன், தலைக்குப் பூமுடி, உறவுக்கெல்லாம் பிரியாணி. எல்லாம் அந்த வாரம் வலையில் விழும் மீன்பாட்டை நம்பித்தான். வியாழக்கிழமை காலை வள்ளம் நிறைய சீலாவோடு மச்சான் கரைக்கு வந்தார். ஆனால் எல்லா வள்ளத்திலும் அன்று சீலாதான். விலை சரிந்து கிடந்தது. ஏலத்துக்கு முன்னால் எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, வெல ரொம்ப மோசமா கெடக்கு. குடுத்துரவா?"

"குடுத்துராதீங்க மச்சான்! கீழ ஃபிபனாச்சி நிக்குது. அதுக்குக் கீழ விழ விடாது."

கரையில் காற்று. போதாததற்கு ஏலக்காரரின் தொண்டை.

"எந்த அண்ணாச்சி?"

"ஃபிபனாச்சி!"

"பிபண்ணாச்சியா? ஆளு எப்படி, நம்பலாமா?"

"ஒலகமே நம்புது மச்சான்."

"சரி, ஒம்ம ஆபீஸ் பழக்கம்னா சரிதான்" என்று வைத்துவிட்டார்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கவே இல்லை. எங்கள் பக்கம் கடைக்காரரும் அண்ணாச்சி, மொத்த வியாபாரியும் அண்ணாச்சி. ஷிப்பிங் ஆபீசில் இருக்கும் மாப்பிள்ளை, மீன் ஏற்றுமதி செய்கிற பெரிய அண்ணாச்சி ஒருவரைப் பிடித்துவிட்டான் என்று மச்சான் முடிவு செய்துவிட்டார். கரை முழுக்கச் சொல்லியும்விட்டார்: "ஏலத்துக்கு நான் வரல. எம் மீன நாசரேத்து பிபண்ணாச்சி எடுக்காரு."

மறுநாள் விலை இன்னும் இறங்கியது. என் கோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கியது. மச்சான் மறுபடி கூப்பிட்டார்.

"மாப்ள, எங்கன நிக்காரு?"

"அது ஒடைஞ்சிட்டு மச்சான்."

"ஐயய்யோ, வண்டியா? ஆளுக்கு ஒண்ணும் இல்லல்லா?"

நான் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "கவலப்படாதீங்க. கீழ எழுபத்தெட்டுல இன்னொண்ணு நிக்கு."

"அது யாரு, அவரு தம்பியா?"

மச்சான் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். "ஆமா, தம்பிதான்" என்றேன்.

சனிக்கிழமை நானும் ரோஸியும் மணப்பாட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கினோம். வீட்டுக்கு வழி தேடவேண்டிய அவசியமே இல்லை. மூக்கு கூட்டிக்கொண்டு போனது. மீன்பாடு அதிகமான வாரம் என்பதால் ஊரில் ஐஸ் தட்டுப்பாடு. பெட்டிக்குள் மீன் தொளதொளத்துப்போயிருந்தது. மச்சானோ வாசலில் புது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கலர் பாட்டில் வாங்கி வைத்துக் காத்திருந்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி கார்ல வாராரா?"

"எந்த அண்ணாச்சி?"

"என்ன மாப்ள வெளையாடுதீரு! பிபண்ணாச்சி."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "மச்சான், அவர் ஆளே இல்ல. அதாவது, ஆளுதான். இத்தாலிக்காரர். செத்துப் பல நூறு வருசம் ஆச்சு."

மச்சானின் மனைவி செல்வி அக்கா மீன் வெட்டும் கத்தியோடு வெளியே வந்தார்.

"செத்தவனுக்கா மீன வச்சுக் காத்துக்கெடந்தோம்?"

"அக்கா, அது ஒரு கணக்கு..."

"புனிதரா அவரு?"

"இல்லக்கா."

"புனிதர்னாலாவது செத்த பெறகு ஒரு புதுமை செய்வாரு. இந்தப் பய ஒரு கட்டி ஐஸுக்குக்கூட ஒதவலயே!"

மச்சான் திட்டவில்லை. கலர் பாட்டிலைத் திறந்து அவரே குடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "மாப்ள, அந்தத் தம்பிகாரனையாவது வரச் சொல்லும். உப்பு தேய்க்க ஆள் வேணும்."

தம்பி வரவில்லை. நான் தேய்த்தேன். முழங்கை வரை எரிய எரியத் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜெனி யாரோ அக்காவின் பழைய கவுனை, கீழே மடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பிரியாணி இல்லை. வந்தவர்களுக்குப் பாதி காய்ந்த கருவாட்டுக் குழம்பு. புதுநன்மைப் படத்தில் வெள்ளை உடுப்பில் பிள்ளை நிற்கிறாள். பின்னால் வலைமேல் வரிசையாகச் சீலா. அழுது வீங்கின கண்ணோடு, ஒரு கையில் மெழுகுதிரி, இன்னொரு கையால் மூக்கைப் பிடித்திருக்கிறாள்.

அந்தக் கோபத்தோடுதான் உங்களுக்குப் போன் செய்தேன். "தப்பான உச்சியிலிருந்து இழுத்துவிட்டீர்கள்" என்றீர்கள். வேறொரு உச்சியிலிருந்து இழுத்து அனுப்பினீர்கள். விலை கிடந்த இடத்தில் கோடு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. விழுந்த இடம் தெரிந்த பிறகு கோடு போட மாஸ்டர் எதற்கு? ஜெனி போடுவாளே! இன்னொன்றும் கேட்டேன். நாற்பத்தைந்து டிகிரி சாய்வுக் கோடு விலையைத் தாங்கும் என்றீர்களே, என் போனில் நாற்பத்தைந்தாக இருக்கிற கோடு ஆபீஸ் கம்ப்யூட்டரில் அகலமாக விரித்தால் படுத்துவிடுகிறதே, சந்தை எந்தத் திரையைப் பார்த்து நடக்கும் என்று. கடைசியாக, அது சீலா மீன் விலை என்றேன். குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டீர்கள்.

ஜெனி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நான் வருகிறேன் என்று போன் செய்தால், "எங்கன நிக்கீங்க மாமா, அறுபத்தொண்ணுலயா, எழுபத்தெட்டுலயா?" என்று கேட்கிறாள். தெருவில் கால் வைத்தால், "ஏளா, பிபண்ணாச்சி வாராரு, மீன மூடி வை!" என்று குரல் வருகிறது. ரோஸியின் போனில் என் பெயரே அதுதான்.

நீங்கள் இன்னும் ஹால் பிடிக்கிறீர்கள். சமோசா கொடுக்கிறீர்கள். அதனால் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். பெயரையும் தேதியையும் மறைத்து மூன்று படம் தருகிறேன். ஒன்று கம்பெனிப் பங்கு, ஒன்று சீலா, ஒன்று என் மாமியாரின் சர்க்கரை. பின்பாதியை மூடி வைக்கிறேன். உங்கள் சேனலில், நேரலையில், கோட்டை முதலில் போடுங்கள். மூடினதை அப்புறம் திறப்போம். கமெண்டை அழிப்பதெல்லாம் பதில் ஆகாது. அன்றைக்கு மணப்பாடே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செல்வி அக்கா கத்தியோடு உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் மாஸ்டர்: அண்ணாச்சி எங்கே நிற்கிறார்?