புள்ளிக்குப் பக்கத்தில் வராத கோடு

"உங்க கோடு மலை மாதிரி ஏறி இறங்குது தம்பி. அவங்க புள்ளியெல்லாம் ஏணி வச்சாப்புல நேரா மேல போகுது" என்றார் அலுவலக அக்கா, கதவில் சாய்ந்தபடி.

மடக்கை பேனாவை மூடி வைத்தார். "கொஞ்சம் கூடவா பக்கத்துல வரல?"

"ரெண்டும் பேசிக்கிறதே இல்ல போல."

மடக்கை என்பது அவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் நம்மையெல்லாம் அழவைத்த லாகரிதம்தான் அது. அவர் எந்தக் கணக்கைத் தொட்டாலும் அதில் லாகரிதம் வந்து நிற்கும், நின்றது போகாது. மனைவிகூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவர் வேலை இது: புரோட்டான்கள் மோதும்போது ஒரு கனமான துகள் பிறக்கிறது. அதற்குப் பக்கவாட்டில் எவ்வளவு உதை, எத்தனை முறை விழும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, ஒரு கோடாக வரைந்து கொடுக்க வேண்டும். கீழ்த்தளத்தில் இருக்கும் அளவீட்டுக் குழு அதே உதையைக் கருவியால் அளந்து புள்ளிகளாக வைத்திருக்கும். கோடு புள்ளிகள் மேல் போய் உட்கார்ந்தால் கணக்கு சரி.

கணக்கிடுபவர் புள்ளிகளைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை தன்னால் அந்தப் பக்கம் சாயும். அதனால் அலுவலக அக்காதான் கோட்டைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்து, ஒத்துப்போகிறதா இல்லையா என்று மட்டும் கேட்டு வருவார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்பது விதி. அக்காவுக்கும் விதிகளுக்கும் அவ்வளவு ஒட்டுதல் இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் துறைத்தலைவர் இரண்டையும் ஒன்றாகத் திரையில் போடுவார். பொருந்தினால் மடக்கைக்கு வேலை நீடிக்கும். பொருந்தாவிட்டால் வேறு ஊர், வேறு வீடு.

போன மாதக் கூட்டத்தில் அவர் காட்டிய முதல் வரைவும் வானத்துக்குத்தான் போயிற்று. அது அரைவேக்காடு என்று அவரே சொன்னார். ஆனால் கீழ்த்தளத்துக்காரர்கள் உட்பட எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த பிறகுதான் சொன்னார். அப்புறம் மாதம் முழுக்க உட்கார்ந்து மீள்கூட்டல் என்ற முறைப்படி ஒழுங்காகக் கணக்கிட்டார். கோடு அழகாக ஏறி இறங்கியது. இப்போது பார்த்தால் புள்ளிகள் வானத்தில் இருக்கின்றன.

"தப்பு என்கிட்டதான்" என்று முடிவு செய்தார். கீழ்த்தளத்துக் கருவியின் விலைக்கு ஒரு ஊரையே வாங்கலாம். அது பொய் சொல்லுமா?

மறுநாள் மலையின் கழுத்தைப் பிடித்துக் கொஞ்சம் நிமிர்த்தி அனுப்பினார். அக்கா மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"இப்ப உங்க கோடு மேல நிக்குது தம்பி. புள்ளியெல்லாம் கீழ இறங்கிடுச்சு."

"இறங்கிடுச்சா?"

"அதாவது, கீழ இருக்கு. எனக்கென்ன தெரியும், நான் பார்த்ததைச் சொல்றேன்."

அளவுக்கு மீறி நிமிர்த்திவிட்டோம் என்று மடக்கை தலையில் தட்டிக்கொண்டார். ஒரே பங்கை இரண்டு இடத்தில் கூட்டியிருக்கலாம். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நேர்கிற சறுக்கல் அது. இரட்டிப்பாக வந்த பங்கைத் தேடிக் கழித்தார். பதற்றத்தில் அந்தக் கழித்தலையே இரண்டு முறை செய்துவிட்டார். கோடு பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. அதைக் கவனிப்பதற்குள் அக்கா படியிறங்கிவிட்டார்.

"கீழ எல்லாரும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நடக்கவே நடக்காததைவிடக் கம்மியா ஒண்ணு நடக்குமா தம்பி?" என்று திரும்பி வந்து கேட்டார்.

"நடக்காதுக்கா."

"நானும் அதைத்தான் சொன்னேன். அவங்க, 'சார் போட்டா ஏதாவது காரணம் இருக்கும்'னு சொல்லிட்டாங்க. புள்ளி இப்ப எங்கேயோ மேல இருக்கு."

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் காலணியைக் கழற்றாமலே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எலும்பு மூட்டு வலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை அவருக்கு. நான்கு ஊர் மாறி, இந்த ஊரில்தான் நோயாளிகள் அவர் பேரைச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள்.

"வீட்டு ஓனர் போன் பண்ணினார். இன்னும் ஒரு வருஷம் இருப்பீங்களான்னு கேட்டார்" என்றார்.

"என்ன சொன்னே?"

"மடக்கை மனசு வைக்கணும்னு சொன்னேன். என்ன, இன்னிக்கும் ஒட்டலையா?"

"திருத்தத் திருத்த மோசமாகுது. நான் மேல போனா அது கீழ போகுது. கீழ வந்தா மேல போகுது. ஒடுக்கமான நடைபாதையில எதிர்ல வர்றவர் நாம ஒதுங்குற பக்கமே ஒதுங்குவாரே, அந்த மாதிரி."

"அந்த மீள்கூட்டல்னா என்னன்னுதான் சொல்லுங்களேன். ரெண்டு வருஷமா தலையாட்டிக்கிட்டே இருக்கேன்."

மடக்கை யோசித்தார். "உங்க அக்கா நம்ம வீட்டுக்கு வந்துட்டுக் கிளம்புவாங்கல்ல?"

"எங்க அக்காவை ஏன் இழுக்குறீங்க?"

"இல்ல, கேளு. 'கிளம்புறேன்'னு எழுந்திருப்பாங்க. கதவுகிட்ட நின்னு ஒரு பேச்சு. படியில ஒரு பேச்சு. வண்டியில ஏறி, கண்ணாடியை இறக்கி ஒரு பேச்சு. ஒவ்வொண்ணும் சின்னதுதான். ஆனா ஒண்ணு ஒண்ணா எண்ணிக் கூட்டினா முடியவே முடியாது. அந்தக் கனமான துகளை உதைக்கிற குளுவான்ங்கிற குட்டித் துகளும் அப்படித்தான். சின்னச் சின்னதா, கணக்கே இல்லாம வரும். அதனால மொத்தத்தையும் ஒரே மூச்சுல கூட்டிடணும். அதான் மீள்கூட்டல்."

"அதாவது, அக்கா கிளம்ப ஒரு மணி நேரம்னு முதல்லயே முடிவு பண்ணிடறது."

"அதேதான்."

"இதுக்கா ரெண்டு வருஷம்? என்னைக் கேட்டிருக்கலாம்." கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "சரி. நீங்க வரைஞ்சதுல எதை நீங்க நம்புறீங்க?"

"முதல் கோட்டை. மலை மாதிரி இருந்ததை. அப்புறம் வரைஞ்சதெல்லாம் புள்ளியைப் பிடிக்க ஓடின ஓட்டம்."

"அப்ப அதைக் காட்டுங்க."

"அது ஒட்டவே இல்லையே."

"ஒட்டலைன்னா ஒட்டலை. நம்பாததைக் காட்டி வேலையை வாங்கி, தினமும் இந்த மூஞ்சியோட வந்து உட்காரப் போறீங்களா? எனக்கு மூட்டை கட்டத் தெரியும். எல்லா ஊர்லயும் முழங்கால் வலி இருக்கு."

மடக்கை அன்றுதான் அந்த வாரத்தில் முதல்முறையாக இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக் கூட்ட அறையில் காற்றாடி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. துறைத்தலைவர் மேசையின் தலைப்பக்கத்தில் இருந்தார். எதிர்ப்பக்கம் அளவீட்டுக் குழுவின் மூத்த பெண்மணி, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். அவரும் சரியாகத் தூங்கியதாகத் தெரியவில்லை.

"எந்தக் கோடு?" என்று தலைவர் கேட்டார். "நிறைய அனுப்பினதாக் கேள்விப்பட்டேன்."

"முதல்ல அனுப்பினது சார். மத்ததை எடுத்துக்க வேண்டாம். இது புள்ளியோட பொருந்தாது. ஆனா நான் கையெழுத்துப் போடுறது இதுக்குத்தான்."

தலைவர் புருவத்தை உயர்த்தினார். எதிரில் அந்தப் பெண்மணி திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

திரையில் மலை வந்தது. மடக்கை மனதுக்குள் வீட்டுச் சாமான்களைத் தாளில் சுற்ற ஆரம்பித்தார். கண்ணாடிப் பாத்திரங்கள் முதலில்.

பிறகு அலுவலக அக்கா பொத்தானை அழுத்தினார். புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அடிவாரத்தில் ஒன்று, சரிவில் ஒன்று, உச்சியில் ஒன்று, மறுசரிவில் வரிசையாக மற்றவை. ஒன்றுகூட மலையைவிட்டு இறங்கவில்லை.

தலைவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், நம்பிக்கை இல்லாதவர்போல விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு பொருத்தமா நான் பார்த்ததே இல்லை" என்றார். "வேலை நீட்டிப்புக்கு இன்னிக்கே எழுதிடறேன். பொருந்தாதுன்னு வேற பயமுறுத்தினீங்களே."

மடக்கை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கே புரியல சார். இதே கோட்டைத்தான் திங்கட்கிழமை அனுப்பினேன். அன்னிக்குப் புள்ளியெல்லாம் வானத்துல இருந்ததே." எதிர்ப்பக்கம் திரும்பினார். "எப்படிம்மா?"

பெண்மணி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்க கணக்கு தப்பா இருக்காதுன்னு, போன மாசத்துலேர்ந்து நீங்க காட்டின ஒவ்வொரு கோட்டுக்கும் ஏத்த மாதிரி நாங்கதான் கருவியைத் திருத்திக்கிட்டே வந்தோம் சார், இன்னிக்குக் காலையில அலுத்துப்போய், வேலை போனாலும் பரவாயில்லன்னு, கை வைக்காத முதல் புள்ளிகளையே கொண்டு வந்துட்டேன்."