சேற்றுக்குளத்தின் நூறு புள்ளிகள்

ஒரு காட்டில், அதுவும் வருடத்தில் ஐந்து மாதம் பனியைத் தவிர வேறொன்றும் விளையாத கனடாக் காட்டில், இரண்டு பழமைக் கட்சிகள் இருந்தன. கிழக்குச் சதுப்பில் இருந்தது பழைய பாதைக் கட்சி. மேற்குச் சமவெளியில் இருந்தது மிகப் பழைய பாதைக் கட்சி. 'எதையும் மாற்றாதே' என்பதுதான் இரண்டுக்கும் கொள்கை. நடுவில் நின்றது 'மிக' என்ற அந்த ஒற்றைச் சொல்.

அந்தச் சொல்லுக்காக இரண்டும் பத்து வருடம் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்கவில்லை. இதற்கிடையில் பீவர்கள் மூன்று தேர்தலிலும் சுலபமாக வென்றார்கள். பீவர் என்பது பல்லால் மரத்தைச் சாய்த்து ஆற்றை மறித்து அணை கட்டும் பிராணி. ஆட்சிக்கு வந்தாலும் அதற்கு வேறு வேலை தெரியாது. கட்டியது, இன்னும் கட்டியது, போன மாதம் கட்டியதன் மேலேயே மறுபடி கட்டியது.

தோற்றுத் தோற்று உடம்பு நொந்த பிறகுதான் இரண்டு கட்சிகளுக்கும் புத்தி வந்தது. ஒன்றாக இணைந்தார்கள். பெயர் வைக்கும் கூட்டம் மூன்று நாள் நடந்தது. கடைசியில் 'மிக'வை யாரும் தொடக்கூடாது என்று முடிவாகி, 'புதிய பழைய பாதைக் கட்சி' என்று பெயர் சூட்டினார்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? அவர்கள் சிரிக்கவில்லை. கை தட்டினார்கள்.

இனித் தலைவர் வேண்டும். மேற்கிலிருந்து தம்பிமுத்தர் என்ற காட்டெருமை நின்றார். கிழக்கிலிருந்து நல்லைநாதர் என்ற மூஸ் நின்றார். மூஸ் பெரிய மான் ஆகையால் தன்னை எல்லோரும் 'பெருமான்' என்றே அழைக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். மற்றபடி தங்கமானவர்.

தலைக்கு ஒரு வோட்டு என்று வைத்தால் சிக்கல். மேற்கில் ஒரு குளத்துக்கு நாலாயிரம் காட்டெருமை. கிழக்கில் ஒரு குளத்துக்கு நாலு மூஸ், அதிலும் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு விதி எழுதினார்கள்: குளம் ஒவ்வொன்றுக்கும் நூறு புள்ளி. அங்கே அங்கத்தவர் நாலாயிரம் பேர் இருந்தாலும் சரி, ஒரே ஒருவர் இருந்தாலும் சரி, அதே நூறுதான். அந்தக் குளத்தில் வெல்பவருக்கு நூறும் போய்ச் சேரும்.

காட்டில் மொத்தம் தொண்ணூற்றொன்பது குளங்கள். எண்ணினார்கள். தம்பிமுத்தருக்கு நாற்பத்தொன்பது குளம். பெருமானுக்கு நாற்பத்தொன்பது குளம். ஒரு குளத்திலிருந்து மட்டும் பதிலே இல்லை.

அது சேற்றுக்குளம். அங்கே கட்சிக்கு இருந்த அங்கத்தவர் ஒரே ஒருவர். பெயர் பவளம். பவளம் ஒரு மண்ணணில். அணிலுக்கு உறவுக்காரிதான், ஆனால் மரம் ஏறுகிற உடம்பு இல்லை. நிலத்தில் வளை தோண்டி, பனிக்காலம் முழுக்க உள்ளே தூங்குகிற இனம். போன இலையுதிர் காலத்தில் ஒரு வாத்து வந்து, கையெழுத்துப் போட்டால் கலண்டர் தருவோம் என்றதால் போட்டவள். கலண்டர் இன்னும் வரவில்லை. வோட்டுப் படிவம் வந்தபோது அவள் தூக்கத்தில் இருந்தாள். படிவம் பனிக்குள் புதைந்து கிடந்தது.

பனி கரைந்தபோது படிவம் வெளியே வந்தது. பவளமும் வெளியே வந்தாள். வந்ததும் அவள் பார்த்தது படிவத்தை அல்ல, தண்ணீரை. பீவர்களின் அணையால் ஆறு மேலேறி, தினம் ஒரு சாண் அவள் வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் பத்து நாளில் வளைக்குள் வந்துவிடும். உள்ளே கண் திறக்காத நாலு குட்டிகள் இருந்தன. அந்தக் குளிரில் அவற்றை வெளியே எடுக்கவும் முடியாது. கண் திறந்து நடக்க இன்னும் ஒரு மாதமாவது வேண்டும்.

அன்று காலையே தம்பிமுத்தர் நிலம் அதிர வந்து நின்றார்.

"பவளக்கா, எப்பிடிச் சுகம்?"

"சுகத்தை விடுங்கோ. நீங்கள் வந்தா இந்த அணையை நிப்பாட்டுவியளோ?"

"தலைவரானா என்ர முதல் கையெழுத்தே அதுக்குத்தான்."

"கையெழுத்து எதுக்கு? உங்கட உடம்புக்கு இப்பவே போய் ஒருக்கா இடிச்சா அது உடைஞ்சிடுமே!"

தம்பிமுத்தரின் முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, நாங்கள் பழமையைக் காக்கிற கட்சி. அந்த அணைக்கு இப்ப பன்னிரண்டு வயசு. பழசாப் போச்சு. அதில கை வைக்கிறது கொள்கைக்கு ஒத்துவராது."

அவர் போன கையோடு நல்லைநாதர் கொம்பை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"பெருமானே," என்றாள் பவளம். காரியம் ஆக வேண்டுமே. "என்ர குட்டியளைக் காப்பாத்துங்கோ."

"கட்டாயம். ஆறு மாசத்தில ஒரு விசாரணைக் குழு போடுவன்."

"எனக்குப் பத்து நாள்தான் இருக்கு."

பெருமான் உண்மையாகவே வருந்தினார். கண்கூடக் கலங்கியது. "அப்பிடியெண்டா குட்டியளையும் குழுவில போடுவம்," என்றார்.

பவளம் வளைக்குள் போய்ப் படிவத்தை விரித்தாள். பிடித்தவருக்கு 1 என்றும் அடுத்தவருக்கு 2 என்றும் எழுத வேண்டும். நகத்தால் எழுதி மடித்துக் கொடுத்தாள். தேர்தல் அதிகாரியான ஆந்தையார் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"இதென்ன அக்கா, ரெண்டு பேருக்கும் ஒண்டு போட்டிருக்கிறியள்?"

"வீடு தேடி வந்த ஆக்கள். அதில ஒருத்தரை 'நீர் ரெண்டாவது' எண்டு எழுத எனக்கு மனம் வரேல்லை. நாளைக்கு முகத்தில முழிக்க வேண்டாமோ?"

"இது செல்லாது."

"என்ர மரியாதை செல்லாதோ?"

ஆந்தையாரிடம் அதற்கு விதி இல்லை. ஒரு வாரத்தில் மறுவாக்கெடுப்பு என்று அறிவித்துவிட்டுப் பறந்தார்.

தம்பிமுத்தருக்கு ஒரு சந்தேகம் கிளம்பியது. இந்த ஒரு வாரத்தில் மூஸ் வந்து இவள் காதைக் கடித்தால்? அவர் எங்கும் போகவில்லை. வளையின் வாசலுக்கு முன்னால், வளைக்கு முதுகைக் காட்டி, தொப்பென்று குந்தினார். அவர் குந்தியதைக் கண்ட பெருமான் பக்கத்திலேயே குந்தினார். தலைவர்கள் குந்தினால் தொண்டர்கள் நிற்கலாமா? இந்தப் பக்கம் நாற்பது காட்டெருமை, அந்தப் பக்கம் முப்பது மூஸ், வளையைச் சுற்றி வரிசையாகக் குந்திவிட்டார்கள். குந்திய குந்தில் சேறு இறுகிக் கல்லாகிவிட்டது.

ஆறாம் நாள் தண்ணீர் வந்தது. வந்து தம்பிமுத்தரின் நெஞ்சில் முட்டியது. பனி கரைந்த தண்ணீர், எலும்புக்குள் ஊசி ஏற்றியது.

"தலைவர், நனையுறியள்," என்றது பின்னாலிருந்த ஒரு காட்டெருமை.

"தெரியும். எழும்பினா அவர் என்ர இடத்தில குந்திடுவார்."

பெருமானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "அவர் எழும்பட்டும், நான் எழும்புறன்," என்றார். இருவரும் எழும்பவில்லை. தண்ணீர் இரண்டு நெஞ்சுகளிலும் முட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் சுற்றிக்கொண்டு போனது.

பவளம் தலையை நீட்டிப் பார்த்தாள். வாசல் காய்ந்து கிடந்தது. குட்டிகள் கதகதப்பாகத் தூங்கின. அவள் அந்த இரண்டு பெரிய முதுகுகளையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், தண்ணீரைக் கண்ட நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுவாக்கெடுப்பு நாளில் அவள் மறுபடியும் இருவருக்கும் 1 போட்டாள். முதல் முறை மரியாதைக்குப் போட்டது. இந்த முறை நன்றாகத் தெரிந்தே போட்டாள்.

மூன்றாம் வாரம் படிவத்தை வெறுமையாகக் கொடுத்து, "பேனை எழுதேல்லை ஐயா," என்றாள். நகத்துக்கு எப்படி மை தீரும் என்று ஆந்தையார் கேட்கவில்லை. நாலாம் வாரம், 'மிக யோசிக்கிறேன்' என்று எழுதினாள். அந்த 'மிக' யாருக்கு ஆதரவு என்று கட்சி பத்து நாள் சண்டை பிடித்தது. மேற்கிலிருந்து இன்னும் இருநூறு காட்டெருமைகள் வந்து குந்தின. கிழக்கிலிருந்து, பேசிக்கொள்ளாத அந்த இரண்டு மூஸ்களும் வந்து, பேசிக்கொள்ளாமலே குந்தின.

பீவர்கள் அணையை இன்னும் ஒரு முழம் உயர்த்தினார்கள். எதிர்க்கட்சி முழுவதும் ஒரே இடத்தில் அசையாமல் இருப்பதைக் கண்டு, இதுதான் ஜனநாயகம் என்று மகிழ்ந்தார்கள்.

ஆந்தையார் மட்டும் இளைத்துப்போனார். ஒரு மத்தியானம் வளை வாசலில் வந்து நின்று, "அக்கா, உங்களைக் கும்பிடுறன். ஒரு முடிவு சொல்லுங்கோ. கட்சிக்குத் தலைவர் இல்லாமல் எவ்வளவு நாளைக்கு?" என்றார்.

"அவசரப்படலாமோ ஐயா? நூறு புள்ளியெல்லோ! பொறுப்பான வேலை," என்றாள் பவளம்.

அவர் போன பிறகு, மூத்த குட்டி முதல் முறையாகக் கண் திறந்து, தள்ளாடித் தள்ளாடி வாசல்வரை வந்தது. வெளியே உலகம் முழுவதும் முதுகாக இருந்தது. அந்த முதுகுகளுக்கு அப்பால் தண்ணீர் சலசலத்தது.

"அம்மா, உதுகளில எது தலைவர்?" என்று உரக்கக் கேட்டது.

பவளம் பாய்ந்து வந்து அதன் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாதை," என்றாள். "ஆரெண்டு தெரிஞ்சா எல்லாரும் எழும்பிப் போயிடுவினம்."

நீதி: உன் வாக்கு விலைமதிப்பற்றது. அதைப் போட்டுத் தொலைத்துவிடாதே.