முடிக்குள் ஒளித்த கசெற்

பயந்தவன் சும்மா இருந்தாலே பாதி ஆபத்து தானாக விலகிப் போய்விடும். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

மட்டக்களப்பு வாவிக்கரையில், கூத்து, பறை, கரகம் என்று பழைய ஒலிப்பதிவுகளையெல்லாம் சேர்த்து வைக்கும் காப்பகம் ஒன்றில் நான் உதவியாள். (ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவனை நம்பி அலுமாரிச் சாவியைத் தந்ததே பெரிய காரியம்.) போன வருடம், பொதுமக்களுக்குக் காப்பகத்தைத் திறந்து காட்டும் நாளுக்கு முதல்நாள், தூசி தட்டும்போது ஒரு கசெற் கையில் தட்டுப்பட்டது. எங்கள் ஊர்க் கூத்து அரங்கேற்றம். நான் ராசாவாக ஆடிய கூத்து!

ராசாவாக ஆடினேன், சனம் விசிலடித்தது என்று சொல்லித்தான் கமலாவைக் கலியாணம் முடித்தேன். இருபது வருடமாக அவள் அதை நம்புகிறாள். நாளைக்கு அவளும் வருகிறாள். உண்மையோ இந்தக் கசெற்றுக்குள் கிடக்கிறது.

இத்தனை நூறு கசெற்றுக்குள் இதை யார் தேடிப் போடப் போகிறார்கள் என்று யோசிக்கும் மூளை எனக்கு இல்லை. ராசா தலையில் வைக்கும், கண்ணாடிச் சில்லுப் பதித்த பழைய கூத்து முடி ஒன்று பெட்டியில் இருந்தது. அதற்குள் கசெற்றைச் செருகிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை, பொறுப்பாளர் மிஸ் அந்த முடியைத்தான் சனத்துக்குத் தூக்கிக் காட்டினார். டொக்கென்று கசெற் விழுந்தது.

"ஐயோ! இத ஆரோ அந்தக் காலத்திலேயே பத்திரமா ஒளிச்சு வச்சிருக்காங்க! புதையல் எண்டா இதுதான்!" என்றவர், அங்கேயே அதை ரெக்கோடரில் போட்டும்விட்டார்.

மத்தளம் முழங்கியது. ராசா கூத்து ஆடும் களரிக்கு வரும்வரை அவரை மறைத்து இரண்டு பேர் வெள்ளைச் சீலை பிடிப்பார்கள். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் வரவுப் பாட்டைப் பாடினார். ராசா வரவில்லை. மறுபடி பாடினார்.

"வாறன் அண்ணாவியார்..." அழுகிற குரல். என் குரல்!

மூன்றாம் தரம். "வாறன்..."

ஐந்தாம் தரம். "வாறன்... கால்தான் வருகுதில்ல."

"டேய், சீல பிடிக்கிறவனுக்குக் கை உளையுதுடா! முடியக் கழட்டி மந்திரிக்கிட்டக் குடு!" என்று கத்தினார் அண்ணாவியார்.

கசெற்றுக்குள் சனம் விசிலடித்தது. (அது மட்டும் பொய்யில்லை.)

நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சப் பாருங்க," என்றாள் கமலா. "ராசாவா ஆடினன் எண்டீங்க?"

"உடுப்புப் போட்டன்தானே..."

சிரித்துச் சிரித்து அவள் நிலத்தில் இருந்துவிட்டாள்.

இன்றைக்கும் சாப்பிடக் கூப்பிடும்போது நான் வாய் தவறி "வாறன்" என்றால் போதும். மகள்மார் இரண்டு பேரும் ஓடிவந்து எனக்கு முன்னால் பெட்சீற்றைப் பிடிப்பார்கள். கமலா சட்டியில் மத்தளம் அடிப்பாள். ஐந்து தரம் அடித்து முடியும்வரை ராசாவுக்குச் சோறு இல்லை.