இன்னும் தெரிவாகாத டோர்ச்

"டீப் ரெட் எண்டா என்ன சிவப்பு, பிள்ளை?" என்று முத்துலிங்கம் படிக்கட்டில் மறித்துக் கேட்டார். ஆட்களைப் படிக்கட்டில் மறிப்பதற்கென்றே ஓய்வூதியம் பெறுகிறவர் அவர். கீழ்வீட்டு யோசெப்பின் கந்தோரில் வேலை முடிந்து வந்த களைப்போடு, கடுஞ்சிவப்பு என்றாள். செவ்வரத்தம்பூப் பக்கமா, பீட்றூட் பக்கமா என்றார். கொஞ்சம் பீட்றூட் பக்கம் என்றாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றார். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்து, இரண்டிலும் தேவைக்கு மேல் பேசாத அந்தப் பிள்ளை, வீட்டுக்குப் போய்ச் சேரும் அவசரத்தில், "ரத்தச் சிவப்பு எண்டு வையுங்கோவன், அங்கிள்" என்றுவிட்டாள்.

முத்துலிங்கம் மேலும் கீழும் பார்த்தார். "இந்த நாளையில வெள்ளவத்தையில நிண்டு அந்தச் சொல்லைச் சொல்லாதேயுங்கோ" என்றார், குரலைத் தாழ்த்தி.

வாசகரே, இதுதான் தெரிவாளர் இனம். செருப்பு வாங்கப் போய், தன் பாதத்தைப் பற்றிப் பல உண்மைகளை அறிந்துகொண்டு வெறுங்காலோடு திரும்பும் இனம். குளிர்சாதனப் பெட்டி வாங்குமுன் அயலிலுள்ள பெட்டிகளையெல்லாம் திறந்து, மூடி, காதை வைத்துக் கேட்டு, யார் வீட்டில் பழங்கறி எத்தனை நாள் இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் முடிவாக அறியாமல், மீண்டும் முதல் வீட்டிலிருந்து தொடங்கும் இனம். "அவசரப்பட்டு வாங்கின சாமான் அழுதுகொண்டு வரும்" என்பது இவர்களுடைய வேதம். அழுவது சாமானா, வீட்டுக்காரியா என்று இவர்கள் விசாரிப்பதில்லை.

டோர்ச்சுக்கு வருவோம். வானத்தில் குண்டு போட விமானம் ஏதோ வருகிறது என்ற சந்தேகம் வந்தாலே கொழும்பு முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்திவிடும் யுத்த காலம் அது. அந்த இருட்டில், தமிழ் வீட்டு யன்னலில் ஆடும் மெழுகுதிரி மெழுகுதிரி அல்ல, விமானத்துக்குக் காட்டும் சைகை. முத்துலிங்கத்தின் மனைவி அருள்நாயகி நெஞ்சு வருத்தக்காரி. அடைப்பு வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசை மாத்திரைகளை ஒரு போத்தலில் வைத்திருக்கிறார். அதைத் தேட ஒருமுறை மெழுகுதிரி கொளுத்தினார். ரோந்து வந்தவர்கள் மூன்று மாடி ஏறி வந்து, யாருக்குக் காட்டினாய் என்று கேட்டார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு குளிசை தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு மெழுகுதிரி இல்லை. டோர்ச் வாங்குவதென்று தீர்மானமாயிற்று. ஐயோ, முத்துலிங்கம் வாங்குவதென்று தீர்மானமாயிற்று.

கனடாவிலிருக்கும் மருமகன் இணையத்திலிருந்து அச்செடுத்த தாள்களை ஒரு கட்டாக அனுப்பினான். கடுஞ்சிவப்பு எல்.ஈ.டி. வெளிச்சம் தூரத்துக்குத் தெரியாது, இருட்டுக்குப் பழகிய கண்ணையும் கெடுக்காது என்று யோசெப்பின் வாசித்துச் சொன்னாள். சிவப்புக்குள்ளும் அறுநூற்றிருபது, அறுநூற்றறுபது என்று ஒளியலை அளவுகள் இருப்பதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். முத்துலிங்கம் அன்று சாப்பிடவில்லை.

புறக்கோட்டையில் ஹாஷிமின் மின்சாமான் கடை. ஒவ்வொரு டோர்ச்சையும் சட்டைக்குள் கொளுத்தி, கழுத்துப் பட்டிக்குள்ளால் குனிந்து பார்த்து, மூடியைத் திருகி மோந்து, மறுநாளும் வந்து அதையே செய்த மனிதரை ஹாஷிம் எத்தனை நாள்தான் பொறுப்பார்? "சேர், இது டோர்ச். நீங்க பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க" என்று சொல்லி, மூன்றைப் பிளாஸ்டிக் உறையோடு கையில் திணித்து, வீட்டில் வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பித் தரும்படி அனுப்பிவிட்டார்.

இனிச் சோதனை. வீட்டில் யன்னலில்லாத ஒரே இடம் குளியலறை. பட்டப்பகலில் அருள்நாயகியை அதற்குள் விட்டுக் கதவைச் சாத்துவார். குளிசைப் போத்தலை முதலில் வாளிக்குப் பின்னால் ஒளிப்பார். பிறகு குழாய்க்கு மேலே. ஒவ்வொரு டோர்ச்சாலும் தேட வேண்டும். கடுஞ்சிவப்பில் இளஞ்சிவப்புக் குளிசையும் வெள்ளைக் குளிசையும் ஒன்றுபோலத் தெரிந்தன. அது குளிசையின் பிழை, டொக்டரிடம் நிறம் மாற்றி எழுதுவிக்கலாம் என்றார். "எனக்கு நிறம் வேண்டாம். போத்தல் வைச்ச இடத்தில இருந்தாப் போதும்" என்றார் அருள்நாயகி. அவர் பெண், உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறார்.

சோதனை முடிந்ததும் மூன்றும் துடைக்கப்பட்டு, உறைக்குள் புகுந்து, கண்ணாடி அலுமாரியில் ஏறும். தொடக் கூடாது. இன்னும் தெரிவாகவில்லை.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டு நேரம் விளக்கணைந்தது. துறைமுகப் பக்கம் வெடிகள் கேட்டன. அருள்நாயகிக்கு நெஞ்சு இறுகியது. முத்துலிங்கம் பாய்ந்துபோய் அலுமாரியைத் திறந்தார். அன்பில்லாத மனிதர் அல்ல. ஆனால் எதை எடுப்பது? முதலாவது செவ்வரத்தம்பூப் பக்கம். இரண்டாவது ஆழமான சிவப்பு, பற்றரி பலவீனம். மூன்றாவது பரவாயில்லை, ஆனால் உறை கிழிந்தால் ஹாஷிம் திருப்பி எடுக்கமாட்டார். அவர் இதை உரத்தே யோசித்துக்கொண்டிருக்க, அருள்நாயகி சுவரைத் தடவித் தடவிக் குளியலறைக்குப் போய், வாளியைத் தட்டி விழுத்தி, கடைசியில் சோப்புத் தட்டில் போத்தலைக் கண்டெடுத்தார். அன்று பகல் சோதனைக்காக ஒளித்த இடம் அது.

மறுநாள் காலை யோசெப்பினைப் படிக்கட்டில் மறித்தது அருள்நாயகி. "பிள்ளை, ஒரு பொய் சொல்லுவீங்களே? மூண்டில ஏதாவது ஒண்டைக் காட்டி, இந்த டோர்ச்தான் நல்லதெண்டு அந்தப் பேப்பரில இங்கிலிசில போட்டிருக்கெண்டு அவருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. நீங்க சொன்னா நம்புவார்."

யோசெப்பின் ஓம் என்றாள். பொய்யில் அவளுக்குத் தயக்கமில்லை. ஆனால் எந்த டோர்ச்சை? சும்மா ஒன்றைச் சொல்லி, அது உயிர் போகிற நேரத்தில் எரியாவிட்டால்? தாள்களை வீட்டுக்கு வாங்கிப்போய் மேசையில் விரித்தாள். பற்றரி பற்றி ஒரு பக்கம், கண்ணாடி பற்றி ஒரு பக்கம். பென்சிலால் கோடிட்டாள். மருமகனுக்கு ஒரு கேள்வியும் எழுதி அனுப்பினாள். ஒரு கிழமை போயிற்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள், வாசகரே. மூன்றாவதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்கிறீர்கள். ஏன் மூன்றாவது? இரண்டாவதில் பற்றரியை மட்டும் மாற்றினால்? பார்த்தீர்களா, உங்கள் நெற்றியும் சுருங்குகிறது.

யோசெப்பினின் கதவு தட்டப்பட்டது. மூன்று டோர்ச்சையும் உறையோடு சேலைத் தலைப்பில் ஏந்தியபடி அருள்நாயகி நின்றார். மேசையில் விரிந்து கிடந்த தாள்களையும் பென்சில் கோடுகளையும் பார்த்தார். தலைப்பை அவள் முன்னால் நீட்டினார்.

"கண்ணை மூடிக்கொண்டு ஒண்டைத் தொடுங்கோ, பிள்ளை."